எள்ளில் கருப்பட்டி எதற்கு?

2025 ஜூலையில், மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மற்றொன்று நம் செஞ்சிக் கோட்டை. இனி ஊருக்குக் கூட்டம் வரும், வியாபாரம் பெருகும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் கூட்டம் வருவது வேறு, அது கடை வாசலில் நிற்பது வேறு. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை செஞ்சி வழியாகத்தான் போகிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களில் எத்தனையோ பேர் கோட்டையின் ராஜகிரி மலையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அவர்களை இறங்க வைக்க, விளம்பரத்துக்குப் பணம் கொட்டச் சிறு வியாபாரியால் முடியாது. காசு செலவில்லாமல் அவர் தொடக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் வழிப்போக்கரின் ஆவல்.

ஆவலை எப்படிக் கிளப்புவது என்று செஞ்சி வட்டாரத்துக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைச் சூழ்ந்த இந்த மண் தெருக்கூத்தின் மண். கூத்தில் துரியோதனன் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிக்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது. உள்ளிருந்து பாட்டு வருகிறது. கட்டியங்காரன் நீ யார், எந்த ஊர் என்று குடைகிறான். வரப்போவது யார் என்று சபைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒருவர்கூட எழுந்து போவதில்லை. பாதி தெரிந்திருப்பதுதான் மீதிக்காகக் காக்க வைக்கிறது. அமெரிக்க உளவியல், பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் எழுதிய கட்டுரையில் இதையே சொன்னார்: தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவே விழும் இடைவெளிதான் ஆவல். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் யாருக்கும் ஆவல் பிறக்காது.

வெறுமனே ‘உள்ளே ஒரு அதிசயம்’ என்று எழுதிய பலகை தோற்பது இதனால்தான். பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுத்தமான நல்லெண்ணெய் கிடைக்கும்’ என்ற பலகை எல்லா ஊரிலும் தொங்குகிறது. அதைப் படிக்கக் கண் நிற்காது. அதே இடத்தில் ‘எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறோமே, எதற்கு?’ என்று எழுதட்டும். எள்ளும் தெரியும், கருப்பட்டியும் தெரியும், இரண்டும் ஏன் சேர்கின்றன என்பதுதான் பலருக்குத் தெரியாது. உள்ளே வந்தால் கண்ணெதிரே விடை இருக்கிறது. நசுங்கி மாவாகிக் கிடக்கும் எள்ளில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும், அதன் ஈரமும் பசையும் பிண்ணாக்கை இறுக்கிச் சேர்க்கின்றன. எண்ணெய் கசிந்து தனியே பிரிகிறது. எள்ளின் கசப்பும் மட்டுப்படுகிறது. அந்த வாசனையில் நின்றவர்களில் பலருக்குக் கால் லிட்டராவது வாங்காமல் திரும்ப மனம் வராது. சாலையோர டீக்கடைக்கும் கேள்விக்குப் பஞ்சமில்லை. செஞ்சிக் கோட்டை மீது 1690-இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை நீண்டது. அத்தனை காலமும் மலைமேல் இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? கேள்வியை வாசலில் எழுதி, கோட்டைச் சுனைகளையும் குளங்களையும் பற்றிய நாலு வரியைக் கடைக்குள் மாட்டினால் போதும்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை என்று கூட்டம் சேர்த்து, கடைசிவரை சண்டையே விடாமல் தாயத்து விற்றுப் போன வித்தைக்காரரை நம் சந்தைகள் நன்றாக அறியும். அவர் ஆவலைக் கிளப்பியதில் தவறில்லை, தீர்க்காமல் போனதுதான் தவறு. அவருக்கு அடுத்த வாரம் வேறு ஊர் இருந்தது. கடை வைத்திருப்பவருக்கு அதே ஊர், அதே வாசல். கேள்விக்கு விடை கடைக்குள் இருந்தே ஆக வேண்டும், அதுவும் வாங்காதவருக்கும் கிடைக்க வேண்டும். விலையையும் எடையையும் புதிராக்கவே கூடாது. தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சரக்கு நன்றாக இருந்தால் ஆள் தானே வரும், இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு வாதம். உள்ளூர் வாடிக்கையாளர் விஷயத்தில் அது முழுக்கச் சரி. பத்து வருஷமாக எண்ணெய் வாங்குகிறவருக்குப் புதிர் தேவையில்லை. ஆனால் வழிப்போக்கர் சரக்கின் தரத்தை அறிய வேண்டுமானால் முதலில் வண்டியை விட்டு இறங்க வேண்டும். கேள்வி அவரை இறக்கிவிடும், அவ்வளவே. மட்டமான சரக்கை அது ஒருநாளும் காப்பாற்றாது. இறங்கிப் பார்த்தவர் அதை ஊரெல்லாம் சொல்லும் வேகம்தான் கூடும்.

செஞ்சியில் கடை வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொழிலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, வெளியூர்க்காரருக்குப் பாதி மட்டுமே தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைக் கேள்வியாக, ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்கிற அளவு பெரிய எழுத்தில் வாசலில் எழுதுங்கள். அதன் கீழேயே விலையையும் எழுதிவிடுங்கள்.