இனிப்பும் கொழுப்பும்: இல்லறத்தார் அறிய வேண்டியது



செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றின் பாறையில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமைந்துள்ளன. அக்குன்றைச் சூழ்ந்த ஊர்களில் வழிவழியாக வாழும் சமணக் குடும்பங்கள் புலால் உண்பதில்லை. ஆகவே கொழுப்பால் விளையும் இதய நோய் தம்மை அணுகாது என்னும் எண்ணம் சில இல்லங்களில் வேரூன்றியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்க்கு அவ்வெண்ணம் காப்பாகாது.

உடலிலுள்ள கொலஸ்டிரால் உணவால் மட்டும் வருவதன்று; உடலே அதன் பெரும்பகுதியை உண்டாக்குகிறது. அது நீரில் கரையாது. ஆதலால் கொழுப்பும் புரதமும் சேர்ந்த நுண்துகள்கள் அதனைக் குருதியில் சுமந்து செல்கின்றன. அவற்றுள் எல்.டி.எல். என்னும் துகளின்மேல் அபோ-பி என்ற புரதம் உண்டு. கல்லீரலிலுள்ள ஏற்பிகள் அப்புரதத்தை அடையாளம் கண்டு, துகளைக் குருதியிலிருந்து அகற்றுகின்றன.

குருதியில் குளுக்கோஸ் மிகுந்து நின்றால், அது நொதியின் துணையின்றியே அப்புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் மையார் விளக்கிய வேதிவினையின் தொடக்கம் இதுவே. பால்கோவா கிளறும்போது பழுப்பு நிறம் ஏறுவதும் அவ்வினையாலேயே. சர்க்கரை ஒட்டிய துகளை ஏற்பிகள் எளிதில் ஏற்பதில்லை. அது குருதியில் நெடுநேரம் தங்குகிறது; ஆக்சிஜனேற்றத்துக்கும் எளிதில் ஆட்படுகிறது. தமனிச் சுவரினுள் தேங்கும் அத்தகைய துகள்களை ஒருவகைக் காவல் அணுக்கள் விழுங்கி, கொழுப்பு நிறைந்து நுரையணுக்களாகின்றன. மாரடைப்புக்கு வித்திடும் படிவு இவ்வாறு வளர்கிறது.

எனவே ஆய்வுத் தாளில் கொலஸ்டிரால் அளவு இயல்பாக இருப்பினும், துகளின் தன்மை கெட்டிருத்தல் கூடும். இதே முறையில் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதே எச்பிஏ1சி ஆய்வு. கடந்த இரண்டு, மூன்று திங்களின் சராசரிச் சர்க்கரை நிலையை அது காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேர்க்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது. ஆகவே நீரிழிவு உள்ளவர் எச்பிஏ1சி, கொலஸ்டிரால் ஆகிய இரண்டையும் காலந்தோறும் ஆய்ந்தறிதல் வேண்டும். மருத்துவர் கொலஸ்டிரால் மாத்திரை தந்தால், 'புலால் உண்ணாதார்க்கு இது எதற்கு?' என்று ஒதுக்குதல் தகாது.

கதிரவன் மறையுமுன் உண்ணும் ஒழுக்கம் உயர்ந்தது. ஆயினும் அவ்வுணவில் சோறும் வெல்லப் பாயசமும் மிகுந்து, பயறும் கீரையும் குறைந்தால் சர்க்கரை ஏறவே செய்யும். தசலட்சண நாள்களில் உபவாசம் ஏற்போர், இன்சுலினோ மாத்திரையோ கொள்பவராயின், மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரை முன்னரே கேட்டறிதல் வேண்டும். இன்றேல் சர்க்கரை அளவுகடந்து தாழ்ந்து மயக்கம் நேரும். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை இல்லறத்தார் ஏற்ற விரதம். தம் உடலுக்கு ஊறு நேராமல் காத்தலும் அவ்விரதத்தோடு இயைந்ததே.