தேனும் நம் கைகளும்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



தேன் என்றதும் நமக்கு இனிப்புக்கு முன்னால் குளவிதான் ஞாபகம் வரும். மலையில் கூடு கலைந்து, கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். நாம் குளவி என்று சொல்வதில் பெரிய மலைத்தேனீயும் சேர்த்திதான். அதன் தேனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

போன தவணை, தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட வந்த ஒரு தாய் கையை முந்தானைக்குள் மறைத்தார். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் கொழுந்துக் கறை. "இதுக்கு வீட்டு மருந்து ஏதும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

இருக்கிறது. வேலை முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையைக் கழுவித் துடையுங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் அரைத் தேக்கரண்டி தேன் கலந்து தடவி, 20 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். படுக்குமுன் எண்ணெய் மட்டும் பூசுங்கள். தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எண்ணெய் அது போகாமல் மூடும். பனிக்கு வெடிக்கும் உதட்டுக்கு ஒரு துளித் தேன் போதும். தேசிக்காய் சேர்க்காதீர்கள், எரியும். ஆழமாக வெட்டிய காயத்துக்கும், சீழ் பிடித்த வெடிப்புக்கும், குளவி கொட்டுக்கும் தேன் மருந்தல்ல. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தேன் முகத்தை வெள்ளையாக்காது. வெள்ளையாக்கும் என்று விற்கும் சில கிறீம்களில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாள் பேரை அதற்குக் கொடுக்காதீர்கள். வெயிலில் உழைத்துக் கறுத்ததில் வெட்கம் எதுவும் இல்லை.

பிள்ளைகளின் இருமலுக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன் தொண்டைக்கு இதம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளிகூட வேண்டாம். என் மகள் பிறந்தபோது அப்பாயி நாக்கில் தேன் தொட்டு வைக்க ஆசையோடு வந்தார். மிட்வைஃப் அம்மா தடுத்துவிட்டார். அப்பாயிக்குக் கோபம். பிறகுதான் காரணம் புரிந்தது. தேனில் சில வேளை ஒரு கிருமியின் வித்து இருக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும்; பால் உறிஞ்சவும் அழவும் சக்தி இல்லாமல் பிள்ளை துவண்டுவிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

சீனி வருத்தம் உள்ளவர்கள் பூசலாம். சாப்பிடுவதென்றால் வைத்தியரைக் கேளுங்கள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுப் பார்ப்பது இரண்டையும் நம்பாதீர்கள். பாணி கலந்த தேனும் அதில் தப்பிவிடும். தெரிந்தவரிடம், நாலு வீடு சேர்ந்து ஒரு போத்தல் வாங்கினால் போதும்.

கடைசியாக ஒன்று. தேன் பூசுவது நம் வேலை. கை வெடிக்காமல் கையுறை தருவதும், டிஸ்பென்சரியில் மருந்து வைப்பதும், பெண்களை மலைக்கு அனுப்புமுன் கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் நிர்வாகத்தின் வேலை. கூடு கண்டால் அன்றைக்கே தலைவரிடமும் தலைவியிடமும் சொல்லுங்கள். எந்த மலை, எந்த மரம், எந்தத் திகதி என்று எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். அந்தக் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டு நிர்வாகத்திடம் ஒன்றாகப் போவோம்.