வாத்தியக்காரர் பிழைப்பு
(யூபிலி விழா இசை மாலையில் பங்குப் பாடற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



திருவிழா என்றால் தேருக்கு முன்னே பேண்டு வேண்டும். கோவிலுக்குள் ஆர்மோனியமோ கீபோர்டோ வேண்டும். வாசித்து முடித்தவர்கள் பெட்டியை மூடிக்கொண்டு போனபின், மறுநாள் அவர்கள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. இந்த மேடையில் எங்களுக்குக் கால் மணி நேரம் தந்திருக்கிறார்கள். பாட்டைப் பற்றிப் பேசுவோர் பலர் உண்டு. நாங்கள் பாட்டால் பிழைப்பவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் பங்கில் கித்தாரும் வயலினும் கற்கும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். "இதை நம்பி வாழ முடியுமா?" என்று பெற்றோர் எங்களைக் கேட்கிறார்கள். முடியும், முடியாது என்று ஒரு சொல்லில் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் அவர் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். 1922 நவம்பரில் கண்மூடியது புதுச்சேரியில். ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனி வாழ்க்கை அப்படிப்பட்டது. எங்கே கொட்டகை போட்டார்களோ அங்கே வாழ்வு, சில வேளை அங்கேயே சாவு. நாடகத்தில் ராஜபார்ட்டுக்குக் கைதட்டல் கிடைக்கும். விடியவிடிய ஆர்மோனியம் வாசித்தவருக்கு வசூல் நன்றாயிருந்தால் சம்பளம் கிடைக்கும். மழை பிடித்துக்கொண்டால் எல்லாருக்கும் பட்டினிதான்.

1931-இல் "காளிதாஸ்" வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. நாடகக் கொட்டகைகள் மெல்ல ஓய்ந்தன. வாத்தியக்காரர்கள் ஸ்டூடியோக்களைத் தேடிப் போனார்கள். அண்ணனின் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஜி. ராமநாதன் புகழ்பெற்ற திரை இசையமைப்பாளரானார். அப்படி உயர்ந்தவர்கள் சிலர். வாத்தியக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்தே காலம் கழித்தவர்கள் மிகப் பலர்.

மேடை, ஒலிப்பதிவு, சினிமா ஆகிய மூன்று துறைகளையும் படிப்படியாகக் கடந்தவர் யார் என்று பார்த்தால், இளையராஜாவின் பெயரே முன்னே நிற்கிறது. அவருடைய புகழ் உங்களுக்குத் தெரிந்ததே. புகழுக்கு முந்தின உழைப்பைத்தான் நாங்கள் சொல்ல வந்தோம். 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு புறப்பட்டு, ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பத்தாண்டுக் காலம் ஊர் ஊராகப் போனார். கட்சி மேடை, திருவிழா மேடை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போக வேண்டும். கூட்டம் எந்த மெட்டில் நிமிர்ந்து உட்காரும், எந்த மெட்டில் எழுந்து போகும் என்பதை எந்தக் கல்லூரியும் அவ்வளவு கறாராகச் சொல்லித் தராது.

1960-களின் இறுதியில் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைச் சுரக்குறிப்போடு கற்றார். லண்டன் டிரினிடி கல்லூரித் தேர்வில் கித்தாருக்குத் தங்கப் பதக்கம் பெற்றார். பகலில் பிறருடைய பாடல்களுக்குக் கித்தார் வாசித்தார். வங்காளத்து சலில் சௌத்ரி குழுவில் இருந்தார். கன்னடப் படங்களில் ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராக உழைத்தார். 1976-இல் "அன்னக்கிளி" வந்தது. பட்டினத்தார் ஒரே நாளில் கேட்டு வியந்த அந்த இசைக்குப் பின்னால் ஏறக்குறைய இருபது ஆண்டுக் கூலி வேலை இருந்தது. இதை நம் பிள்ளைகள் காதில் போட்டு வைக்க வேண்டும். தொலைக்காட்சிப் போட்டியில் பரிசு வாங்கியவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுகிற காலம் இது.

சுரக்குறிப்பு என்று சொன்னோமே, வாத்தியக்காரனுக்கு அதுதான் சோறு. படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பதை ரீ-ரெக்கார்டிங் என்பார்கள். அந்நாளில் படச்சுருளை ஒரு முறை போட்டுக் காட்டுவார்கள். இசையமைப்பாளர் அதைப் பார்த்துவிட்டுத் தாளில் எழுதுவார். வயலினுக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று என்று உதவியாளர்கள் பிரித்துப் படியெடுப்பார்கள். தாள் கைக்கு வந்தவன் கண்ணால் பார்த்த அந்தக் கணமே வாசிக்க வேண்டும். ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் வசதி வருவதற்கு முன், பாடகரும் வாத்தியங்களும் ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர் விரல் பிசகினாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காது மட்டும் உள்ளவன் வீட்டுக்குப் போவான். தாள் வாசிக்கத் தெரிந்தவன் அடுத்த கால்ஷீட்டுக்கும் அழைக்கப்படுவான்.

அந்த 1976-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இன்னொரு வீட்டில் விளக்கு மங்கிற்று. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் இறந்தார்; மகனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அந்தத் தாய் குடும்பத்தை நடத்தினார். சிறுவன் பள்ளிப் பருவத்திலேயே பிறர் குழுக்களில் கீபோர்டு வாசிக்கப் போனான். அவனும் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவன்தான். விளம்பரங்களுக்கு இசையமைத்து, வீட்டுப் புறக்கடையில் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் கட்டி, 1992-இல் "ரோஜா" தந்த ஏ.ஆர். ரகுமான் அவர். வென்றவரின் கதை நமக்குத் தெரிகிறது. சம்பாதிப்பவர் படுத்துவிட்ட எத்தனையோ வாத்தியக்கார வீடுகளின் கதை எவருக்கும் தெரிவதில்லை.

கூலிக்காகக் குரல் கொடுத்தவர்களும் உண்டு. திரைப்பட வாத்தியக்காரர்களைச் சென்னையில் ஒரு சங்கமாகத் திரட்ட முன்நின்றவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அவரே சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவையும் தொடங்கி, பாரதியின் பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்தார். 1908 முதல் 1918 வரை பாரதி நம் தெருக்களில் நடந்தவராயிற்றே! முன்னே சொன்ன சலில் சௌத்ரியும் 1958-இல் பம்பாயில் ஒரு இளைஞர் பாடற்குழு கண்டவர். சினிமாவில் பேர் பெற்ற இவர்கள் பாடற்குழுவைச் சின்ன வேலை என்று நினைக்கவில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இயந்திரம் வந்தது. 1990-களிலிருந்து கணினியும் சின்தசைசரும் நாற்பது வயலின்களின் வேலையை ஒரு விசைப்பலகையில் அடக்கின. ஸ்டூடியோவை நம்பியிருந்தவர்கள் மீண்டும் மேடைக்கும் கல்யாணக் கச்சேரிக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் திரும்பினார்கள். 2020-இல் கொள்ளைநோய் அந்த மேடைகளையும் மூடியது. கோவிலும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைப் பங்கை உறுதி செய்தது. நல்லதே. ஆயினும் பின்வரிசை வயலின்காரருக்கு, பாட்டு ஐம்பது ஆண்டு ஒலித்தாலும், அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது என்பதே நெடுங்கால வழக்கம்.

நம் திருச்சபையிலும் வாத்தியக்காரர் நெடுநாள் வாசற்படிக்கு வெளியே நின்றார். 1903-இல் பத்தாம் பத்திநாதர் எழுதிய கட்டளை, பேண்டு வாத்தியத்தைக் கோவிலுக்குள் தடுத்தது. பவனியில் மட்டும் ஆயரின் அனுமதியோடு வாசிக்கலாம் என்றது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டில், குழாய் ஆர்கனுக்குரிய மதிப்பைக் குறைக்காமலே, வழிபாட்டுக்குத் தகுந்த மற்ற வாத்தியங்களும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்தது. இலத்தீன் பூசையில் கீரியே பாடிய பீடத்தருகே மிருதங்கம் வந்து உட்கார்ந்தது அதன் பின்னர்தான்.

உள்ளே வந்தவருக்கு என்ன கொடுக்கிறார்கள்? பல ஊர்களில், பல கோவில்களில், "ஆண்டவருக்காகத்தானே வாசித்தீர்கள்" என்று மாலை போட்டு அனுப்புகிறார்கள். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் அப்படிச் சொல்வதில்லை. காணிக்கையாக வாசிப்பவர் தாமே மனமுவந்து வாசிக்கட்டும். பிழைப்புக்காக வாசிப்பவருக்குக் கூலி கூலியாகவே போக வேண்டும். வேலையாளையும் அவன் கூலியையும் பற்றி நற்செய்தியில் நாம் கேட்கும் வாக்கு கிளாரினெட்காரருக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே பங்குப் பேரவைக்கு எங்கள் விண்ணப்பம் இரண்டு. கல்யாணம், அடக்கம், தேர்ப்பவனி ஆகியவற்றுக்கு வாசிப்பவர்களின் தொகையை முன்னதாகப் பேசி, எழுதி வைத்து, அன்று மாலையே கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்தது, சுரக்குறிப்பு வாசிக்க நம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு ஒன்று வேண்டும். இசைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அன்றே தொடங்கலாம். பாடற்குழுவில் கற்றுத்தர ஆள் இருக்கிறோம், ஆர்மோனியமும் இருக்கிறது. பிள்ளைகள் ஐந்து கோடு போட்ட நோட்டு ஒன்றும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.