இயந்திரத்தை மாற்றினால் போதுமா?



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் வண்டியைப் பற்றி அறிமுகம் தேவையில்லை.  1948-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்த வண்டி அது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு. உடல் தகடு அலுமினியக் கலவையானதால் எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆகவேதான் கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் மிகப் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் கோஸும் தக்காளியும் சுமந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

உடல் உழைத்தாலும் இயந்திரம் தேய்ந்துவிடுகிறது. அப்போது பட்டறைக்காரர்கள் ஜப்பானிய டீசல் இயந்திரம் ஒன்றை எடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். ‘ஹாப்கட்’ என்ற பெயரில் ஜப்பானிலிருந்து வந்து இறங்கும் பாதி வண்டிகளிலிருந்து அத்தகைய இயந்திரங்கள் கிடைக்கின்றன. இசுசு நிறுவனத்தின் 2.8 லிட்டர் டீசல் இயந்திரம் அவற்றுள் ஒன்று. எண்ணெய்ச் செலவு குறைகிறது. ஏற்றத்தில் இழுவை கூடுகிறது. எல்லாம் நன்மைதான். ஆனால் இயந்திரத்தை மாற்றினால் மட்டும் போதுமா? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் ஆராயவிருக்கிறோம்.

நாம் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் பணியாற்றிய ஒரு தோட்டத்தில், சில ஆண்டுகளுக்கு முன், பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை இரவு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மழைக்காலம், பெரிய சாலைக்குப் போகும் செம்மண் பாதை சேறாகிக் கிடந்தது. இயந்திரம் மாற்றப்பட்ட ஒரு பழைய லேண்ட் ரோவரைத் தவிர வேறு எந்த வண்டியும் அதில் போகாது. அந்த இயந்திரத்தைப் பொருத்தியவன் நம் பழைய மாணவன். அவனும் கூடவே சென்றான்.

பாதி ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. வண்டி நின்றது. உள்ளே அந்தத் தாய் துடிக்கிறாள். பையன் பதறிப்போய், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். கொதிநீர் சீறி அடித்து அவன் கழுத்திலும் கையிலும் பட்டது. நல்ல வேளையாக, சற்று நேரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று பின்னால் வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பையனுக்கு ஆற வேண்டிய புண்ணும், ஆறாத வருத்தமும் மிஞ்சின.

“நான் மாட்டிய மிஷின்தானே சார்?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் நம்மிடம் கேட்டான்.

“கற்றுக்கொள், தம்பி. கற்றுக்கொண்டதை எனக்கும் சொல்” என்றோம்.

குணமான பிறகு அவன் அந்த வண்டியை ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, தவறுகளைக் கண்டுபிடித்தான். நமக்கும் காட்டினான். அவற்றைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலில் ஓர் அடிப்படை. எண்ணெயை எரித்து இயந்திரம் பெறும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மற்றொரு பங்கு இயந்திரத்தைச் சுற்றியுள்ள தண்ணீரில் சூடாக இறங்குகிறது. 70 குதிரைத் திறன் என்பது சுமார் 52 கிலோவாட். முழுச் சுமையில் ஏறக்குறைய அதே அளவு சூடு தண்ணீருக்கும் போகிறது என்றால், 2 கிலோவாட் மின்சாரக் கெண்டிகள் இருபத்தைந்தை ஒரே நேரத்தில் கொதிக்க விட்டதற்குச் சமம்! அவ்வளவு சூட்டையும் காற்றில் கலந்துவிடுவதே ரேடியேட்டரின் வேலை. பெரிய இயந்திரத்தை வைத்துவிட்டு, சின்ன இயந்திரத்தின் தேய்ந்த ரேடியேட்டரை அப்படியே விட்டது அவன் செய்த முதல் தவறு. புதிய இயந்திரம் எந்த வண்டியிலிருந்து வந்ததோ, அந்த வண்டியின் ரேடியேட்டர் எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் என்று பார்த்து, அதற்குக் குறையாததைப் பொருத்த வேண்டும்.

இரண்டாவது, காற்று. நல்ல சாலையில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். சேற்றிலும் ஏற்றத்திலும் நிலைமை தலைகீழ். வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. இயந்திரமோ முழு மூச்சாய் உழைக்கிறது. எதிர்க்காற்று இல்லை. அப்போது விசிறி ஒன்றே துணை.

பழைய இயந்திரத்தின் விசிறி ரேடியேட்டருக்கு நடுவில், அளவாய் நின்று சுழன்றது. புதிய இயந்திரம் நீளத்திலும் உயரத்திலும் வேறுபடுவதால், அதன் விசிறி ரேடியேட்டரின் நடுவுக்கு வராமல் போகலாம். அல்லது இடமே இல்லாமல் போகலாம். இடம் இருந்தால் இயந்திரத்தின் சொந்த விசிறியை விடக்கூடாது. அதைச் சுற்றித் தகட்டுக் கூடு அவசியம். கூடு இல்லாவிட்டால் ரேடியேட்டரின் நடுப்பகுதிக்கு மட்டுமே காற்று கிடைக்கும், மூலைகள் வீணாகும். விசிறி இதழின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கலாம். இதழின் முனைக்கும் கூட்டுக்கும் ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளி வேண்டும். ஏனென்றால் இயந்திரம் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடுகிறது, ரேடியேட்டர் ஆடுவதில்லை.

நம் மாணவனுக்கு இடம் போதவில்லை. ஆகவே காரிலிருந்து கழற்றிய மின்விசிறி ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டியிருந்தான். அது ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. முன்னால் திருப்பி மாட்டியதும், எதிர்க்காற்றை எதிர்த்து முன்புறமாக ஊதியது! இரண்டு ஒயர்களையும் மாற்றிக் கொடுத்தால் சுழலும் திசை மாறும். ஆனால் இதழின் வளைவு தலைகீழாகிவிடுவதால் காற்றின் அளவு குறையும். இதழையும் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். முடிந்தால் பின்னால் பொருத்துவதே மேல். முன்னால் நிற்கும் விசிறி எதிர்க்காற்றையும் ஓரளவு மறைக்கும்.

இதைச் சோதிக்க ஒரு பள்ளிப் பிள்ளையின் காகிதம் போதும். வண்டியை நிறுத்தி, விசிறியைச் சுழலவிட்டு, முன்புறக் கம்பி வலைக்கு வெளியே காகிதத்தைப் பிடியுங்கள். விரலை உள்ளே விடக்கூடாது. காகிதம் வலையில் ஒட்டிக்கொண்டால் சரி. பறந்து விலகினால் விசிறி தவறு.

மூன்றாவது, மின்சாரம். இத்தகைய விசிறி ஒன்று 20 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட்டால் பெருக்கினால் 240 வாட். மெல்லிய ஒயரில், சாவிச் சுவிட்ச் வழியாக இதைக் கொடுத்தால் விசிறி சோம்பிச் சுழலும், ஒயர் உருகும். கனத்த ஒயரும், ரிலேயும், பேட்டரிக்கு அருகிலேயே 30 ஆம்பியர் பியூஸும் வேண்டும். பழைய டைனமோவால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது. ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டும். விசிறியைத் தொடங்கிவைக்கும் சூட்டுச் சுவிட்சையும் பார்த்துப் போட வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறது என்றால், விசிறி 92 டிகிரியளவில் தொடங்கி 87 டிகிரியில் நிற்பது பொருத்தம். அதற்கும் கீழே வைத்தால் விசிறி ஓயவே ஓயாது.

சிலர், சூடு குறையும் என்று எண்ணித் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிகிறார்கள். இது தவறு. சில இயந்திரங்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் குறுக்கு வழியையும் அதுவே அடைக்கிறது. அதைக் கழற்றினால் ஒரு பகுதி தண்ணீர் ஆறாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

நான்காவது, உள்ளே அடைபட்ட காற்று. இயந்திரத்தின் தண்ணீர் வாய் உயரமாகவும் ரேடியேட்டர் மூடி தாழ்வாகவும் இருந்தால், எவ்வளவு ஊற்றினாலும் மேலே காற்று தங்கிவிடும். நிறைந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உள்ளே இயந்திரத்தின் தலை வறண்டிருக்கும். எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் சிறு தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே ஊற்ற வேண்டும். வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி ஊற்றுவது நல்லது.

ஐந்தாவது, மூடி. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கேமரன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி இறுக்கமாக இருந்து, சதுர அங்குலத்துக்கு 15 இராத்தல் அழுத்தத்தைத் தாங்கினால், சமவெளியில் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்துபோயிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் நேயர்களே, காக்கின்ற அதே மூடிதான் சுடவும் செய்கிறது. 110 டிகிரியில் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் அழுத்தம் இழந்து, ஒரே வேகத்தில் ஆவியாகிச் சீறும். துணி சுற்றினாலும் கை தப்பாது. வண்டி சூடேறினால் ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருங்கள். மேல் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்க்கும்போது கை தாங்கினால் மட்டுமே மூடியைத் தொடுங்கள். சூடான இயந்திரத்தில் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும், அதையும் தவிருங்கள். யார் மேலாவது கொதிநீர் பட்டால் பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவாமல், ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டி, பிறகு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

ஆற்றைக் கடக்கும் வண்டிக்கு இன்னொரு எச்சரிக்கை. சுழலும் விசிறி தண்ணீரில் மூழ்கினால் கப்பலின் சுழலிபோல் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். மின்விசிறியானால் தண்ணீரில் இறங்குமுன் நிறுத்த ஒரு தனிச் சுவிட்ச் வேண்டும். வாரில் ஓடும் விசிறியானால், அந்தக் காலத்து ஓட்டுநர்கள் வாரைக் கழற்றிவிட்டு இறங்குவார்கள். கரையேறியதும் மறவாமல் மாட்டுவார்கள். சேறும் லாலாங் பூவும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்தால், இயந்திரம் ஆறிய பின், உட்புறமிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீரால் கழுவ வேண்டும்.

கடைசியாக ஒன்று. இயந்திரம் மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, பதிவிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். இது வெறும் தாள் வேலை அன்று. விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்கு அதுவே ஆதாரம்.

நம் மாணவன் அந்த லேண்ட் ரோவரைச் செப்பனிட்டு முடித்த நாளில், மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்தில் மூன்று முறை ஏறி இறங்கினான். நாமும் பக்கத்தில் அமர்ந்து சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் பாதியைத் தாண்டவில்லை. “இதை முன்னாடியே செய்திருக்கணும் சார்” என்றான். ஆம், ஏற்றத்தில் சோதிக்காத வண்டியில் நோயாளியை ஏற்றக் கூடாது.

உங்கள் பிள்ளைகள் பட்டறையில் வேலை கற்கப் போகும்போது, வேகமாக முடிப்பவனைவிட, முடித்த வேலையைச் சோதித்துப் பார்ப்பவனே நல்ல தொழிலாளி என்று சொல்லி அனுப்புங்கள். அந்த வண்டியில் அடுத்து ஏறப்போவது நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம்.