பத்தாண்டு உழைப்பும் ஓராண்டுப் படிப்பும்



தகடூர் என்ற இந்தத் தருமபுரி மண்ணில் மேடை ஏறினால் அதியமானின் நெல்லிக்கனியைப் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம். அதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, கூலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பெங்களூர் பஸ்ஸில் பாருங்கள். பென்னாகரத்துப் பிள்ளைகளும் அரூர்ப் பிள்ளைகளும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். உழைப்பில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பிளான் பார்த்து அளவு சொல்லத் தெரிந்தவர் மேஸ்திரி ஆகிறார். தெரியாதவர் பத்து வருஷம் கழித்தும் சிமெண்ட் சட்டிதான் தூக்குகிறார்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம். தமிழ்நாட்டிலேயே கடைசி! மாநிலம் 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த இடைவெளியை எங்கே பார்க்கலாம் தெரியுமா? சனிக்கிழமை சம்பளக் கவரில் பார்க்கலாம். சாக்கரோபூலோஸ், பாட்ரினோஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாட்டுக் கணக்குகளைத் திரட்டி 2018இல் சொன்னார்கள்: கூடுதலாகப் படிக்கிற ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் சராசரியாக 9 சதவீதம் கூடுகிறது.

"எனக்குப் படிக்கிற வயசு போயிடுச்சுங்க" என்கிறீர்களா? நம் பக்கத்துப் போச்சம்பள்ளியைப் பாருங்கள். 2004 வரை அதுவும் தருமபுரி மாவட்டம்தான். இன்று அங்கே மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். கார்புரேட்டர் கழற்றியே பேர் வாங்கிய மெக்கானிக் அண்ணன் இனி பேட்டரியும் வயரிங்கும் படித்தாக வேண்டும். படிக்காவிட்டால் பட்டறை இருக்கும், வண்டி வராது.

வழி இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். தாய்மார்களே, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் முன் இந்த விண்ணப்பத்தைப் பாருங்கள்!

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தொழில் கற்று வந்தவருக்குப் பழைய கூலியையே நீட்டினால், அடுத்தவர் எதை நம்பிப் படிப்பார்? சான்றிதழைக் கேட்கிற நீங்கள் அதற்கான சம்பளத்தையும் கொடுங்கள்.

இங்கே கூடியிருக்கும் ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் படிப்பை விட்ட ஒருவரை, ஒரே ஒருவரை, இந்த ஆண்டு ஒரு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் தருமபுரி கடைசியில் நிற்கக் கூடாது!