மாத்திரையை விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது

(கொக்கட்டிச்சோலைக்கு வந்திருந்த தோட்டக் குடும்பத்தினர் மத்தியில் படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தாதி ஆற்றிய உரை)



தாந்தோன்றீஸ்வரரைக் கும்பிட வந்த இடத்தில் மருந்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீங்க. காலையில் இரண்டு பேர் என்னிடம் தனியாக வந்து கேட்டாங்க. கேட்காதவங்களும் இருப்பாங்க.

மனச்சோர்வுக்குக் குடிக்கிற மாத்திரையைத்தான் சொல்கிறேன். எங்கட பக்கம் அதைக் குளிசை எண்டுவம். அமிட்ரிப்டிலின், ஃபுளுவொக்சடீன், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் என்று பல பேர். இந்தக் கொக்கட்டிச்சோலை 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் படுகொலைகளைக் கண்ட மண். 2004இல் கடற்கரைப் பக்கம் சுனாமி. இங்கே நித்திரை வராமல் கிளினிக் போன வீடுகள் நிறைய. உங்கட தோட்டத்திலயும் கடன், குடி, சாவு என்று காரணத்துக்குக் குறைவில்லை. மாத்திரை குடிப்பது வெட்கமில்லை. நான் சொல்ல வந்தது அதை விடுகிற விஷயம்.

கொஞ்சம் சுகமானதும் நம்ம ஆட்கள் செய்கிற முதல் வேலை, மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது. சில பேருக்கு நிறுத்த விருப்பமில்லாமலே நின்று போகும். கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போகும். 2022இல் நாட்டிலேயே மருந்துத் தட்டுப்பாடு வந்தது, பலர் வெறுங்கையோடு திரும்பினாங்க.

நிறுத்தி இரண்டு மூன்று நாளில் தலை சுற்றும். முந்தி மண்முனையில் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம், 2014இல்தான் பாலம் வந்தது. பாதையை விட்டு இறங்கின பிறகும் கால் ஆடுகிற மாதிரி இருக்குமே, அப்படி. வயிற்றைப் பிரட்டும், வியர்க்கும், பயங்கரக் கனவு வரும், காரணமில்லாமல் அழுகையும் கோபமும் வரும். தலைக்குள்ளே கரண்ட் அடிக்கிற மாதிரி 'சுர்'ரென்று ஒரு வெட்டு வெட்டும். இதைக் கேட்டால் செய்வினை என்று மந்திரிக்க ஓடுகிறவர்கள் இருக்கிறாங்க. இது செய்வினையுமில்லை, விசருமில்லை. மருந்துக்குப் பழகின மூளை, திடீரென அது இல்லாமல் தடுமாறுகிறது. இமிப்ரமின் என்ற பழைய மருந்தை நிறுத்தினவர்களிடம் 1959இலேயே வைத்தியர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

எல்லாருக்கும் வராது. 2024இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், மருந்தை நிறுத்தியதாலேயே இந்தத் தொல்லை வருவது ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு என்று தெரிந்தது. நெடுங்காலம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வரக்கூடும். வென்லாஃபாக்சின், பராக்சடீன் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகும், அதனால் தொல்லை கூட. ஃபுளுவொக்சடீன் மெல்லப் போகும், தொல்லை குறைவு, ஆனால் சில வாரம் பிந்தியும் வரலாம்.

இந்த இடத்தில்தான் பெரிய குழப்பம். "விட்டதும் பழைய வருத்தம் திரும்பிட்டு, இனி சாகும் வரைக்கும் மாத்திரைதான்" என்று முடிவு கட்டிவிடுவாங்க. பழைய மனச்சோர்வு பெரும்பாலும் மெல்ல மெல்ல, வாரங்கள் மாதங்கள் கழித்துத்தான் வரும். நிறுத்தின சில நாளிலேயே தலைசுற்றலும் கரண்ட் வெட்டும் சேர்ந்து வந்தால், அது பெரும்பாலும் மருந்து விட்டதன் விளைவு. மாத்திரையைத் திரும்ப எடுத்தால் ஓரிரு நாளில் அடங்கும். அதற்காக வருத்தம் திரும்பவே வராது என்றும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் நெடுங்காலம் மருந்து எடுத்தவர்களை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது விட்டவர்களில் 56 வீதம், தொடர்ந்தவர்களில் 39 வீதம். ஆகவே விடலாமா என்பதை டொக்டரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்து லயத்து அக்கா விட்டாள் என்று நீங்களும் விடக்கூடாது.

விடுவதென்றால் படிப்படியாக. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம் மூளையில் அது வேலை செய்கிற இடங்களில் சுமார் 80 வீதத்தைப் பிடிக்கும். 5 மில்லிகிராமே கிட்டத்தட்ட 60 வீதத்தைப் பிடிக்கும். அப்போ 20இலிருந்து 5க்கு வருவது சின்ன இறக்கம், 5இலிருந்து ஒன்றுமில்லாமல் போவது பெரிய பள்ளம். மலையில் இறங்கித் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "பாதிதானே, இனி விட்டுடலாம்" என்று கடைசியில் அவசரப்படாதீங்க. கடைசிப் படிதான் மிகச் சின்னதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று பாருங்க. சிலருக்கு இது முடிய மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடமும் ஆகும். தாங்க முடியாவிட்டால் முந்தின படிக்கே போய், டொக்டரிடம் சொல்லுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் குடிப்பது வேண்டாம், மருந்து ஏறி இறங்கித் தலைசுற்றலைக் கூட்டும். சில மாத்திரையையும் கூட்டுக் குளிசையையும் உடைக்கக்கூடாது, கேட்டுத்தான் உடைக்க வேண்டும். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை வேறு கதை. அதைத் திடீரென விட்டால் வலிப்பே வரலாம்.

கொழுந்து மும்முரமான மாதத்திலோ, வீட்டில் சாவு, கலியாணம் நடக்கும்போதோ குறைக்கத் தொடங்க வேண்டாம். தலை சுற்றுகிற நாளில் சரிவான மலைக்குக் கூடையோடு போகாதீங்க, கணக்கப்பிள்ளையிடம் வேறு வேலை கேளுங்க. நித்திரை வரவில்லையென்று கசிப்பைத் தொடுவது நெருப்புக்கு எண்ணெய். பிள்ளையின் பழைய கொப்பியில் எந்த நாள் எவ்வளவு குடித்தோம், என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்க. எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதும். மாத்திரை முடிய ஒரு கிழமைக்கு முந்தியே கிளினிக் போங்க. வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்தாமல், முதலில் தோட்டத்து மருத்துவ மாதுவிடம் சொல்லுங்க.

வீட்டு ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த நாட்களில் அவள் எரிந்து விழுந்தால் வாய்க்கு வாய் நிற்க வேண்டாம். ஆனால் "இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருமுறை சொன்னாலும் அதைக் கோபப் பேச்சென்று தள்ளாதீங்க. தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. புல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் லயத்தில் இருந்தால் உடனே எடுத்துப் பூட்டி வையுங்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம்.

பஸ் ஐந்து மணிக்குத்தான். அதுவரை நான் அந்த மரத்தடியில் இருப்பேன். கிளினிக் கொப்பி கையோடு இருக்கிறவங்க கொண்டு வாங்க, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று சேர்ந்தே பார்ப்போம்.