மின்வலிப்புச் சிகிச்சையில் அளவறிதல்
(நம் சங்கத்து ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யான் மருத்துவம் பேச முன்வந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். என் அண்ணியார் மகப்பேற்றின்பின் உணவும் உரையும் ஒழித்துக் கிடந்தகாலை, மின்சாரச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே அவரை மருத்துவமனையினின்று அழைத்து வந்துவிட்டோம். (அவர்தம் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றேன்.) ‘கரண்டு வைத்தால் மூளை கருகிவிடும்’ என்று முதற்கண் மொழிந்தவன் யானே. பதினைந்து நாள் கழித்து, நீரும் இறங்காத நிலையில் மீண்டும் கொண்டு சென்றோம். அப்பதினைந்து நாளின் பொருட்டே இன்று பேசுகின்றேன்.

இச்சிகிச்சை 1938-ஆம் ஆண்டு ரோமாபுரியில் செர்லெத்தி, பினி என்னும் இருவரால் தொடங்கப்பெற்றது. அந்நாளில் மயக்கமருந்தின்றிச் செய்தமையால் எலும்பு முறிதலும் உண்டு. நம்மவர் அச்சம் பெரிதும் அதன் எச்சமே. இந்நாளில் நோயாளர் மயக்கத்தில் உறங்குகின்றார். தசைகளும் மருந்தால் தளர்த்தப்படுகின்றன. இவ்விரண்டுமின்றிச் செய்தலை நம் நாட்டு 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் விலக்கியுள்ளது.

இனி அளவிற்கு வருவோம். வலிப்பை எழுப்பவல்ல மிகக் குறைந்த மின்னளவை எல்லையளவு என்று கொள்வோம். அஃது ஆளுக்காள் பன்மடங்கு வேறுபடும். முதியோர்க்கு மிகும், பெண்டிரினும் ஆடவர்க்கு மிகும், காக்காய்வலிப்பு மருந்தோ சிலவகைத் தூக்கமருந்தோ உண்பார்க்கும் மிகும், சிகிச்சை தொடரத் தொடரத் தானே உயர்தலும் உண்டு. ஆதலின் முதல்நாள் சிற்றளவில் தொடங்கி, வலிப்பு வாராவிடின் படிப்படியாக உயர்த்தி, அவ்வெல்லையை அறிகின்றனர். உடல் தளர்ந்திருக்க வலிப்பு வந்தமை எங்ஙனம் தெரியும் எனின், தளர்த்தும் மருந்து செல்லுமுன் ஒரு கணுக்காலின்மேல் பட்டையிறுக்கி, அப்பாதத்திற்கு மருந்து எட்டாவண்ணம் தடுத்துவிடுவர். அப்பாதம் மட்டும் துடித்துக் காட்டும். மூளையின் மின்னலைகளைக் கருவி தாளில் வரையும்.

எல்லை அறிந்தபின் எத்துணை மடங்கு கொடுப்பது? வலிப்பு வந்தாற் போதும், மின்சாரத்தின் மிகுதி குறைவு பொருட்டன்று என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1993-இல் சாக்கைம் என்பாரும் அவர் குழுவினரும் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். தலையின் வலப்புறம் மட்டும் மின்முனை வைத்து எல்லையை ஒட்டிய அளவு கொடுத்தோருள் நூற்றுக்கு 17 பேரே தேறினர்; அதே சிற்றளவை இருபுறமும் வைத்துப் பெற்றோருள் 65 பேர் தேறினர். வலிப்போ இருசாரார்க்கும் வந்தது! 2000-இல் வலப்புற முறையில் ஆறு மடங்கு கொடுத்தபோது, அஃது இருபுற முறைக்கு நிகராயிற்று. மறதியும் குறைவாகவே இருந்தது. இருபுறமாயின் ஒன்றரை மடங்கே பெரும்பாலும் போதும் என்பர். அளவு வீணே மிகின் மறதி மிகும். குறையின் நோய் நிற்கும்.

ஆதலின் மருத்துவரிடம் செல்வோர் நோயாளர் உண்ணும் மருந்தனைத்தையும் மறையாது கூறுங்கள். மின்முனை எவ்விடத்து வைக்கப்படும், அளவு எங்ஙனம் கணிக்கப்படும் என்று கூசாது வினவுங்கள்.

அண்ணியார் ஆறாம் முறையின்பின் தாமே கஞ்சி கேட்டார். குழந்தைக்குப் பெயரிட்ட நாள் மட்டும் அவர் நினைவில் இன்றளவும் இல்லை. வேண்டும்போது யான் எடுத்துரைப்பேன்.